நாணல் குருகு, ஒன்று, மேற்குக் கரை

ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளி, மூலையில் கிடந்த பழைய குஷனைத் தலைக்குக் கொடுத்து, கண்ணை மூடி நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரோ அவன் தோளைத் தொட்டார்கள்.

"சார்... சார்... இது உங்க கையெழுத்துதானே?"

பறவை ஆர்வலர் சங்கச் செயலாளர். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, கையில் பறவை பார்க்கும் குடிலின் பதிவேடு. அவர் விரல் ஒரு வரியின் மேல் நின்றது.

'நாணல் குருகு. ஒன்று. மேற்குக் கரை.'

கையெழுத்து அவனுடையதுதான். அந்தப் பறவை எப்படி இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

"ஆமா சார். போன ஞாயிறு எழுதினது."

"நீங்க... கண்ணால பார்த்தீங்களா?"

"கண்ணாலதான் சார். வேற எதால பார்ப்பாங்க?"

செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "குளிர்காலத்துல மட்டும்தான் வரும்னு புத்தகத்துல போட்டிருக்கான். இந்த வெயில்ல வந்திருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவன் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். பெல்ட்டில் வரிசையாக வருகிற பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கீறல் விழுந்ததையும் கழுத்து கோணியதையும் தட்டிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. சங்கத்தில் எல்லாரும் அவனை 'பாட்டில் சார்' என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "பாட்டில் சார் இருக்காரான்னு போன்ல கேக்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே நினைத்துவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு வேலை முடியும். மற்ற நாட்களில் எப்படியோ தூங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை முடியாது. வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்; இரண்டு பேருக்கும் டிரம்ஸ் கற்றுக்கொள்ள ஆசை. மேல் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் சுவரில் துளை போடுவார். மூன்று வருஷமாகப் போடுகிறார். அந்தச் சுவர் எதை நம்பி இன்னும் நிற்கிறதென்று தெரியவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பயந்து எங்கெங்கோ நடந்தவன், இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தான். தண்ணீருக்கு நடுவே பலகைப் பாதை. அதன் முனையில், பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு மரக் குடில். கதவில் விதிகள் எழுதியிருந்தன. பேசக் கூடாது. போன் கூடாது. விளக்கு கூடாது. நடந்தால் சத்தம் வரக் கூடாது.

படித்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே சங்கத்தில் சேர்ந்தான்.

அதிலிருந்து ஞாயிறு காலை ஏழு முதல் பத்து வரை அவன் வாழ்க்கையில் ஒரே நல்ல தூக்கம். மனைவி மகிழ்ந்துபோய் ஒரு பைனாகுலர் வாங்கித் தந்தாள். அதன் பெட்டிக்குள் கண்ணை மறைக்கும் துணிப்பட்டையும் காதுக்குப் பஞ்சும் வைத்துக்கொண்டான். பைனாகுலர் பீரோவில் பத்திரமாக இருந்தது.

ஐந்தாவது விதி ஒன்று இருந்தது. அதுதான் வம்பு. உள்ளே வந்தவர்கள் போகும்போது பார்த்த பறவை ஒன்றையாவது பதிவேட்டில் எழுத வேண்டும். ஐந்து வாரம் 'நாமக்கோழி, இரண்டு' என்று எழுதினான். "உங்க கண்ணுக்கு நாமக்கோழி மட்டும்தான் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டபிறகு புத்தி வந்தது. போன வருஷப் பதிவேட்டை எடுத்து, அதே வாரத்துப் பக்கத்தைத் திறந்து, ஒரு பறவையைப் பார்த்து எழுத ஆரம்பித்தான். அதே பருவம், அதே பறவை. யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் சதுப்பு நிலத்தில் வைத்த நோட்டில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். போன வாரம் பத்துப் பதினைந்து தாள்கள் ஒன்றாகப் புரண்டிருக்கின்றன. அவன் பார்த்து எழுதியது குளிர்காலத்துப் பக்கம்.

அதிலும் யாருடைய வரியை! இந்தச் சதுப்பில் நாணல் குருகைப் பார்த்த ஒரே மனிதர் இந்தச் செயலாளர்தான். போன குளிர்காலத்தில், ஒரே ஒரு காலை. அதுவரை சாதாரண உறுப்பினராக இருந்தவரை அந்தப் பறவைதான் செயலாளர் ஆக்கியது. பாராட்டுப் பத்திரம் குடிலின் சுவரில் சட்டத்துக்குள் தொங்கியது.

தப்பாக எழுதிவிட்டேன் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் பொய்ப் பதிவுக்குச் சங்கத்தில் மன்னிப்பு கிடையாது. போன வருஷம் ஒருவர், மிதந்துவந்த பிளாஸ்டிக் பையை வெள்ளைக் கொக்கு என்று எழுதிவிட்டார். பெயரை அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே என்றால் டிரம்ஸ். வெளியே என்றால் மேல் வீட்டுச் சுவர்.

"அங்கதான் சார் பார்த்தேன்," என்று மேற்குக் கரையைக் காட்டினான். "நல்லா பார்த்தேன்."

"இருங்க. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

அவன் அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்தான்.

பல் டாக்டரம்மா சங்கத் தலைவி. முப்பது வருஷமாகப் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர். பொய் சொல்கிறவன் வாயைத் திறக்கும்போதே தெரிந்துவிடும் என்பார். செயலாளரின் குருகையே அவர் முழுசாக நம்பியதில்லை. "ஒருத்தர் மட்டும் பார்த்தது பாதிப் பறவைதான்," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வந்தார்.

உள்ளே வந்ததும் தன் டெலஸ்கோப்பை நட்டுவைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். குடில் என்பதால் விசாரணை முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"சொல்லுங்க பாட்டில் சார். கால் என்ன நிறம்?"

"தண்ணிக்குள்ள நின்னுச்சு டாக்டர்."

"அலகு?"

"நாணல் மறைச்சிடுச்சு."

"காலும் தெரியல, மூக்கும் தெரியல. அப்ப எதை வச்சு நாணல் குருகுன்னு எழுதினீங்க?"

செயலாளர் முந்திக்கொண்டார். "கழுத்தை வச்சுத்தான் டாக்டர்! நாணலோட நாணலா கழுத்தை நேரா நிமிர்த்திக்கிட்டு அப்படியே நிக்கும். நான் அன்னைக்கே எழுதியிருந்தேனே."

"உங்களைக் கேக்கல."

"ஆமா டாக்டர்," என்றான் அவன். "கழுத்துதான்."

"சரி. குளிர்காலத்துப் பறவைக்கு இந்த வெயில்ல இங்க என்ன வேலை?"

அவன் யோசித்தான். "ரெக்கையில அடிபட்டிருக்கும்போல டாக்டர். அதான் கூட்டத்தோட திரும்பிப் போகல."

தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அரை நிமிஷம் நீடித்தது.

"அடிபட்டிருக்கா? அடிபட்ட பறவையைத் தண்ணியில விட்டுட்டு ஒரு வாரம் சும்மா இருந்தீங்களா? மனுஷனா நீங்க?" டாக்டரம்மா எழுந்துவிட்டார். "வாசல்ல கேட்டக்காகிட்ட சொல்லிப் படகை எடுங்க. நாணலுக்குள்ள போய்த் தேடிப் பிடிச்சிடலாம்."

படகில் போனால் பறவை இல்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

"படகு வேணாம் டாக்டர்! அடியெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே இடத்துல அசையாம கிடந்துச்சா, நானாத்தான் அடியோன்னு..."

"ஒரே இடத்துலயா? எவ்வளவு நேரம்?"

"ஏழிலேர்ந்து பத்து வரைக்கும். புரண்டுகூட... திரும்பிக்கூடப் பார்க்கல."

அவனைப் பற்றியதென்றால் இது முழு உண்மை.

டாக்டரம்மா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டெலஸ்கோப்பைப் பிடித்திருந்த டாக்டரம்மாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"வெயில் காலத்துல, மூணு மணி நேரம், ஒரே இடத்துல," என்றார். "அது நிக்கல. அடைகாக்குது. கூடு கட்டியிருக்கு."

பிறகு, சங்க வரலாற்றிலேயே முதல்முறையாக, தலைவியே குடிலுக்குள் போனை எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பலகைப் பாதை அதிர்ந்தது. தண்ணீரில் நிம்மதியாக இருந்த முக்குளிப்பான்கள் எல்லாம் மூழ்கி வேறு பக்கம் போய் எழுந்தன. எட்டுப் பேர் உட்காரும் குடிலில் பத்தொன்பது பேர். அவன் தலை வைத்திருந்த இடத்தில் யாரோ ஒருவரின் முதுகுப்பை. குஷன் மட்டும் செயலாளர் மடியில் பத்திரமாக இருந்தது. கூட்டத்தில் மிதிபட்டுவிடும் என்று எடுத்துவைத்தாராம்.

பறவைக் காப்பகத்தின் வாசலைப் பார்த்துக்கொள்கிற கேட்டக்கா எட்டிப் பார்த்தார். சீட்டு கிழிப்பது, சேற்றில் நடக்க பூட்ஸ் கொடுப்பது, குடிலைப் பெருக்குவது எல்லாம் அவர்தான்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க தம்பி? பூட்ஸ் எல்லாம் தீர்ந்துபோச்சு. கடைசியா வந்தவருக்கு ரெண்டும் இடது காலாக் குடுத்திருக்கேன்."

"ஒண்ணும் பண்ணலக்கா. ஒரு வரி எழுதினேன்."

"உங்களை யார் எழுதச் சொன்னா?"

"அஞ்சாவது விதிக்கா."

கேட்டக்கா அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"கையை நீட்டிக் காட்டுங்க பாட்டில் சார்," என்றார் டாக்டரம்மா. "எந்த இடம்?"

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. எங்கேயாவது காட்ட வேண்டியது. அரை மணி தேடுவார்கள். கிடைக்காது. கூட்டத்தைப் பார்த்துப் பறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பழி கூட்டத்தின் மேல். கையை நீட்டினான். இரவெல்லாம் வேலை செய்த கை. கொஞ்சம் கீழே சரிந்தது. பத்தொன்பது பைனாகுலர்களும் அந்தக் கையோடு சேர்ந்து சரிந்தன.

"இருக்கு," என்றார் இரண்டு இடது கால் பூட்ஸ்காரர்.

"எங்க? எங்க?"

"நாணலுக்கு நடுவுல. பழுப்பா. கழுத்தை நிமிர்த்திட்டு."

"ஆமா! ஐயோ, ஆமா!"

"எனக்குத் தெரியல, தள்ளுங்க... ஆங், தெரியுது, தெரியுது!"

டாக்டரம்மா டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "தலையை ஆட்டுது. காத்துக்கு நாணல் ஆடினா, எதிரிக்குத் தெரியாம இருக்க அதுவும் கூடவே ஆடும். படிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அவனுக்குத் தலை சுற்றியது. வாயில் வந்ததைச் சொன்னால் அது நிஜமாகவே வந்து நிற்குமா? யாரோ அவனை டெலஸ்கோப்பின் பக்கம் தள்ளினார்கள். குனிந்து பார்த்தான்.

ஒரே பார்வை போதுமாக இருந்தது.

பழுப்பு நிற அரை லிட்டர் பாட்டில். பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே, நாணல் தண்டுகளுக்கு நடுவே சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் தொழிற்சாலைப் பாட்டில்தான். கழுத்து ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாம் அச்சில் வரும் கோளாறு. அவன் தட்டிவிட்டிருக்க வேண்டியது. எந்த ராத்திரியிலோ அவன் கண் அசந்த நேரத்தில் தப்பித்து, ஊரெல்லாம் சுற்றி, இங்கே வந்து அடைகாக்கிறது.

பிளாஸ்டிக் பைக்கே பெயரை அடித்தவர்கள். நாளைக்கு வெயில் நேராக விழுந்தால் பாட்டில் பளபளக்கும். பொய் சொல்லிச் சொல்லி இன்றைய தூக்கம் போனதுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் மற்ற ஞாயிறுகளாவது மிஞ்சுமா பார்க்கலாம் என்று தோன்றியது.

"டாக்டர், அது பாட்டில்."

பத்தொன்பது பைனாகுலர்களும் அவன் பக்கம் திரும்பின.

"என்னது?"

"பாட்டில் டாக்டர். எங்க கம்பெனி பாட்டில். கழுத்து கோணல். பன்னெண்டு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் வரிசை பிரமாதமாக இருந்தது.

"புரியுதா உங்களுக்கெல்லாம்?" என்றார். "கூடுன்னு தெரிஞ்சா கூட்டம் வரும். கூட்டம் வந்தா பறவை கூட்டைப் போட்டுட்டுப் போயிரும். அதான் விதிக்காக ஒரு வரி எழுதினதோட சரி, ஒரு வாரமா மூச்சு விடல இவர். அடி பட்டிருக்குன்னு சொன்னார், இல்லன்னு சொன்னார். இப்ப நாம பார்த்தப்புறமும் பாட்டில்னு சொல்லி நம்மளை அனுப்பிவைக்கப் பார்க்கறார்."

"இல்ல டாக்டர், சத்தியமா பாட்டில்தான்."

"விட்டுக்குடுக்க மாட்டேங்கறார் பாருங்க."

"நான் பறவை பார்க்கவே வரல டாக்டர்!" அவன் கிசுகிசுப்பிலேயே கத்தினான். "நான் இங்க வர்றதே தூங்கத்தான்!"

செயலாளருக்கு இருமல் வந்துவிட்டது. குடிலுக்குள் இருமக் கூடாது. அடக்கப் பார்த்து முகம் செக்கச் சிவந்து, கடைசியில் குஷனை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார்.

டாக்டரம்மா அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். "எல்லாரும் பாருங்க. மிளகாய்ப்பழமா சிவந்திருக்கு. தூங்கறவன் கண்ணா இது? ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து காவல் காத்திருக்கார்."

பத்தொன்பது பேரும் சத்தமில்லாமல் கைகளைத் தூக்கினார்கள். குடிலுக்குள் கைதட்டக் கூடாது. அதற்குப் பதில் இது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவனுக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. "செயலாளர் சார், நீங்க ஒருத்தர்தான் நிஜக் குருகைப் பார்த்தவர். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அது குருகா?"

எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். செயலாளர் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டெலஸ்கோப்பில் குனிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு நீர்க்காகம் கத்தியது.

"அதேதான்," என்றார், நிமிராமலே. "போன வருஷம் நான் பார்த்த அதே பறவை. அதே கழுத்து."

டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்தார். "ஒரு வருஷமா உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. இனி அது பாதிப் பறவை இல்ல."

செயலாளர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.

அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிவும் எடுத்துவிட்டார்கள். குஞ்சுகள் பொரித்துப் பறக்கும்வரை, மூன்று மாதத்துக்குக் குடில் மூடப்படும். உறுப்பினர்கள்கூட வரக் கூடாது. படகு, டெலஸ்கோப், போட்டோ எதுவும் கூடாது. ஆனால் கூட்டை அனாதையாக விட முடியாது. ஓசைப்படாமல், அசையாமல் உட்காரத் தெரிந்த ஒருவர், தனியாக, காவல் இருக்க வேண்டும்.

"மூணு மணி நேரம் அசையாம இருந்தவர் நம்மள்ல ஒருத்தர்தான் இருக்கார்," என்றார் டாக்டரம்மா. "பாட்டில் சார், ஞாயிறு மட்டும் போதாது. உங்களால எந்தெந்தக் காலையில முடியுமோ, அத்தனை காலையும் வரணும். கஷ்டம்தான். வீட்டுல நான் பேசறேன்."

அவன் முகத்தை மிகவும் சிரமப்பட்டுக் கவலையாக வைத்துக்கொண்டான். "பறவைக்காகத்தானே டாக்டர். பதிவேட்டுல என்ன எழுதணும்?"

"ஒரு வரி எழுதக் கூடாது. எழுதினா வெளிய தெரிஞ்சிடும். அஞ்சாவது விதி உங்களுக்குக் கிடையாது."

கூட்டம் நுனிக்காலில் வெளியேறியது. இரண்டு இடது கால் பூட்ஸ்காரர் மட்டும் வட்டமடித்தபடி போனார். கடைசியாக நின்ற செயலாளர் குடில் சாவியை அவன் கையில் வைத்தார். பிறகு கக்கத்திலிருந்த குஷனை எடுத்து, இரண்டு தட்டு தட்டி, மூலையில் சரியாகப் பொருத்திவைத்தார்.

"இந்தப் பக்கமா சாஞ்சு உக்காருங்க சார்," என்றார். "அந்தப் பக்கம் ஆணி ஒண்ணு துருத்திட்டு இருக்கும்."

"பரவாயில்ல சார், நான் பார்த்துக்கறேன்."

செயலாளர் குஷனை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அமைதி திரும்பியது. மூழ்கிப்போன முக்குளிப்பான்கள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு வந்தன. அவன் ஜன்னல் பிளவு வழியாக மேற்குக் கரையைப் பார்த்தான். மீன்கொத்தி ஒன்று நீலமாக வந்து, பாட்டிலின் கோணல் கழுத்தில் உட்கார்ந்து, தண்ணீரை முறைத்தது. இத்தனை மாதத்தில் அவன் தன் கண்ணால் பார்த்த முதல் பறவை. எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம். தினமும். யோசிக்கவே இதமாக இருந்தது. ஷூவைக் கழற்றினான். துணிப்பட்டையை எடுத்தான்.

கதவு திறந்தது. துடைப்பத்தோடு கேட்டக்கா. பத்தொன்பது பேர் கொண்டுவந்த சேற்றைப் பார்த்து உச்சுக்கொட்டியவர், அவனையும் துணிப்பட்டையையும் பார்த்தார். இனி இவரிடம் மறைத்துப் பயனில்லை.

"அக்கா," என்றான் தயங்கித் தயங்கி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரு பதினோரு மணிக்கு என்னைக் கொஞ்சம் எழுப்பிவிட முடியுமா?"

"அதுக்கென்ன தம்பி, போன வருஷம் செயலாளர் சார் குருகு பார்த்த அன்னைக்கும் பதினோரு மணிக்கு நான்தான் தட்டி எழுப்பினேன்; அந்தக் குஷனே அவரோடதுதானே."